பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் என்ன செய்வது: ஈறு நோய்க்கு ஒரு வழிகாட்டி

சித்திரை பிறந்த மறுநாளிலிருந்து சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பல் கிளினிக்கில் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். வருஷம் முழுக்கக் கடலே கதி என்று இருந்தவர்களுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ள அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

அப்படித்தான் ஒரு அண்ணன் வந்தார். நாற்பது வயசு இருக்கும். தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "கானாங்கெளுத்தி முள்ளு ஒண்ணு ஈறுல ஏறி நிக்குது மேடம். ஊக்கால நோண்டிப் பாத்தேன், வர மாட்டேங்குது. எடுத்து வுட்டுட்டீங்கன்னா போயிடுவேன்" என்றார்.

முள் எதுவும் இல்லை. கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு உப்பியிருந்தது. விரலால் லேசாக அழுத்தியதும் சீழ் எட்டிப் பார்த்தது. எக்ஸ்ரே எடுத்தால், அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. ஈறில் ரத்தம் எத்தனை நாளாக வருகிறது என்று கேட்டேன். "அது வரும் மேடம், ரொம்ப வருஷமா. பிரஷ் போட்டா எல்லாருக்கும் வர்றதுதானே?"

எல்லாருக்கும் வர்றதுதானே. இந்த வார்த்தையை வாரத்துக்குப் பத்து தடவையாவது கேட்கிறேன். கை கழுவும்போது தினமும் கையிலிருந்து ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா? வாயில் வந்தால் மட்டும் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். காரணம், ஈறு நோய் வலிக்காது. சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாது, மறுநாளே நம்மை டாக்டரிடம் இழுத்து வந்துவிடும். ஈறு நோய் பத்து, பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் எலும்பைத் தின்றுவிட்டு, பல் ஆடும்போதுதான் தன்னைக் காட்டும். வலிக்காகக் காத்திருந்தால் பாதிப் போர் தோற்றபிறகுதான் களத்துக்கு வருவீர்கள். ரத்தம் வருகிறபோதே வந்துவிட்டால் வேலை மிகச் சுலபம்.

உள்ளே என்ன நடக்கிறது

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ரொம்ப நாள் கழுவாமல் விட்டால் உள்பக்கச் சுவரில் வழவழவென்று ஒரு படலம் படியும் இல்லையா? கையால் தொட்டால் வழுக்கும், தண்ணீரை ஊற்றி அலசினால் போகாது, தேய்த்தால்தான் போகும். பல்லின்மேலும் அதேதான் படிகிறது. சாப்பிட்ட மிச்சம் மட்டும் இல்லை அது, கோடிக்கணக்கான கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டிய குடியிருப்பு. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், அந்தச் சொரசொரப்பு அதுதான். துலக்கிய சில மணி நேரத்திலேயே மறுபடி படியத் தொடங்கிவிடும்.

தேய்த்து எடுக்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறி, சில நாட்களிலேயே இறுகி, காரையாகிவிடும். "எங்க ஏரியா போர் தண்ணி உப்பு மேடம், அதான் காரை பிடிக்குது" என்று கொருக்குப்பேட்டையிலிருந்தும் கொடுங்கையூரிலிருந்தும் வருபவர்கள் சொல்வார்கள். காரைக்கு முக்கியக் காரணம் தண்ணீர் இல்லை, நம் எச்சில்தான். கண்ணாடியில் பார்த்தால் தெரியும்: காரை அதிகம் படிவது கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில், அப்புறம் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்தில். எச்சில் ஊறும் குழாய்களின் வாய் அந்த இடங்களில்தான் திறக்கிறது. கெட்டியான காரையை எந்த பிரஷ்ஷும் எந்தப் பேஸ்ட்டும் எடுக்காது.

காரை சொரசொரப்பானது. அதன்மேல் புதுப் படலம் இன்னும் சுலபமாக ஒட்டும். ஈறு அதை எதிர்த்துப் போராடி வீங்கும், ரத்தம் கசியும். இது முதல் கட்டம், வெறும் ஈறு வீக்கம். இந்தக் கட்டத்தில் நோய் முழுசாகத் திரும்பிப் போகும். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னதும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிட்டது. என் கிளினிக்குக்கு வருபவர்களிடம் இந்தக் கதையை அலுக்காமல் சொல்வேன். பத்து நாளில் வருவது, பத்து நாளில் போகும்.

கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இது இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் சின்னப் பள்ளம் விழும். நாங்கள் அதை பாக்கெட் என்போம். அந்தப் பள்ளத்துக்குள் பிரஷ் போகாது, கிருமிக்கு அது பாதுகாப்பான வீடு. அங்கிருந்து பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. சிகிச்சை செய்து அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

"எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்ல, சாகிறவரைக்கும் முப்பத்திரண்டும் இருந்துச்சே?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970-இலிருந்து 15 வருஷம் இதே லோவின் குழு தொடர்ந்து கவனித்தது. நம் மலையகத் தமிழர்கள். எல்லாருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் நூற்றுக்கு 11 பேருக்கு அது அதற்குமேல் போகவில்லை. 81 பேருக்கு எலும்பு மெதுவாகக் கரைந்தது. 8 பேருக்கு வேகமாகக் கரைந்து, இளம் வயசிலேயே பற்கள் விழுந்தன. படிக்கிற காலத்தில் இந்த ஆய்வைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். உங்கள் தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்கள் எதில் என்று பல் ஆடுகிறவரை தெரியாது.

முதலில், கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம்

செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்து, முன்பற்களின் ஈறைப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, "என் ஈறு கறுப்பா இருக்கே, நோயா மேடம்?" என்று காலேஜ் பிள்ளைகள் பயந்துபோய் வருகிறார்கள். நம் தோலுக்கு நிறம் தருகிற அதே மெலனின்தான் ஈறிலும் இருக்கிறது. கறுத்த ஈறு, திட்டுத் திட்டாகக் கறுத்த ஈறு, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்றால் அது இயல்பு. அதை வெளுக்கவைக்கக் காசு செலவழிக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். நல்ல ஈறின் ஓரம் கத்தி முனை மாதிரி மெல்லிசாகப் பல்லை ஒட்டி நிற்கும். கெட்டியாக, பலபேருக்கு சாத்துக்குடித் தோல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிக் குழிகளோடு இருக்கும். நோயுள்ள ஈறின் ஓரம் உருண்டு, உப்பி, மினுமினுப்பாக, தொட்டால் தொளதொளவென்று இருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் முக்கோண ஈறில்தான் இது முதலில் தெரியும்.

அப்புறம் இவற்றையும் கவனியுங்கள்: துலக்கும்போதோ கொய்யாவைக் கடிக்கும்போதோ ரத்தம், பல் முன்பைவிட நீளமாகத் தெரிவது, முன்பற்களுக்கு நடுவில் புதிதாக இடைவெளி, என்ன செய்தாலும் போகாத வாய் நாற்றம், கடிக்கும்போது பல் அசைவது. காலையில் தலையணை உறையில் ரத்தக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள், நிறையப்பேர் அதை வெற்றிலைக் கறை என்று நினைத்துவிடுகிறார்கள்.

சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் உங்களுக்கு ரத்தம் வராமலே உள்ளே எலும்பு கரையலாம். ரத்தம் இல்லை, அதனால் நோய் இல்லை என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

துலக்கும் முறையை மாற்றுங்கள்

பெரும்பாலானவர்கள் பல்லைத் துலக்குகிறார்கள், பல்லும் ஈறும் சேரும் கோட்டை விட்டுவிடுகிறார்கள். நோய் தொடங்குவது அந்தக் கோட்டில். அதனால் என் நோயாளிகளிடம் "பல்லை மறந்துடுங்க, கோட்டைத் துலக்குங்க" என்று சொல்வேன்.

'சாஃப்ட்' என்று போட்ட, தலை சின்னதாக இருக்கும் பிரஷ் வாங்குங்கள். பச்சைப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஃப்ளூரைடு கலந்த பேஸ்ட்டாக இருந்தால் சொத்தைக்கும் பாதுகாப்பு. பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடியுங்கள், முஷ்டியால் பிடித்தால் அழுத்தம் தானாகக் கூடிவிடும். இழைகளின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து வையுங்கள். மேல் வரிசைக்கு மேல்நோக்கிச் சாய்வு, கீழ் வரிசைக்குக் கீழ்நோக்கி. வைத்த இடத்திலிருந்து நகர்த்தாமல், ஒரு நெல்மணி நீளத்துக்கு மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அப்புறம் பல்லின் கடிக்கும் முனையை நோக்கி ஒரு சுழற்று. அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பக்கம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தினால்தான் எட்டும். இரண்டு நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. முதல் வாரம் கை வலிக்கும், பழகிவிடும்.

ஆளைப் பார்க்காமலே, பல்லை வைத்தே அவர் வலக்கையா இடக்கையா என்று பலசமயம் சொல்லிவிடலாம். வலக்கைக்காரர்களில் நிறையப்பேருக்கு வலப்பக்கக் கோரைப்பல்லைச் சுற்றிப் படலம் அப்படியே இருக்கும், கை திரும்பும் இடம் அது. உங்கள் கைக்கு எட்டாத மூலை எது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்.

ரத்தம் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துலக்குவதுதான் நான் பார்க்கிற பெரிய தப்பு. பயம்தான் காரணம், புரிகிறது. ஆனால் அங்கே படலம் இருப்பதால்தான் ரத்தமே வருகிறது. விட்டால் இன்னும் படியும், இன்னும் வரும். அந்த இடத்தை மென்மையாக, ஆனால் நிச்சயமாகத் துலக்குங்கள். முதல் மூன்று நாள் ரத்தம் கூடவே வரலாம், பிறகு குறையும். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் நிற்கவில்லையென்றால் உள்ளே காரை இருக்கிறது, டாக்டரிடம் போங்கள்.

ராத்திரி துலக்குவது காலையில் துலக்குவதைவிட முக்கியம், தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். "பாத்திரம் தேச்சு, பசங்களைத் தூங்க வச்சு, நானே எப்ப விழுந்தேன்னு தெரியாது, இதுல பிரஷ்ஷா?" என்று அக்காமார் கேட்பது நியாயம்தான். அவர்களுக்கு நான் சொல்லும் வழி, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே, பாத்திரத்தில் கை வைப்பதற்கு முன்னாலேயே துலக்கிவிடுங்கள். பிள்ளைகளையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப்பின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

பல்லிடுக்குக்கு பிரஷ் போகாது. இடைவெளி விழுந்த பற்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இடுக்கு பிரஷ் நல்லது. குட்டி பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும், இறுக்காமல் போய்வருகிற அளவில் வாங்க வேண்டும். நெருக்கமான பற்களுக்குப் பல் நூல். நூலைச் சட்டென்று இறக்கி ஈறை அறுத்துவிடாமல், அறுப்பதுபோல் மெல்ல அசைத்து இறக்கி, பல்லை அணைத்தபடி மேலே கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். ஊக்கு, தீக்குச்சி, துடைப்பக் குச்சி எதுவும் வேண்டாம். முன்னால் சொன்ன அண்ணன் ஊக்கால் நோண்டிய இடத்தில் ஈறு கிழிந்து அதுவும் சேர்ந்து வீங்கியிருந்தது.

கரித்தூள், செங்கல் தூள், உப்பு, சாம்பல் இவற்றால் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். பல் பளபளப்பது, மேல்தோடு தேய்வதால். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சொல்லி வைத்ததை நான் மறுக்கவில்லை. வேப்பங்குச்சியை நன்றாக மென்று நாராக்கி, ஈறோரம் பொறுமையாகத் தேய்ப்பவர்களுக்குப் பயன் உண்டு. ஆனால் கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்துக்கு அந்தக் குச்சி எப்படித் திரும்பும்? பிரஷ்தான் எட்டும். எண்ணெய் கொப்பளிப்பதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதும் கூடுதல் இதம், சிகிச்சை ஆகாது.

மாவா, ஹான்ஸ்

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பதினைந்து வயசுப் பையன் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-இலேயே தடை வந்தது. மாவா, ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலை என்று பொட்டலம் மட்டும் நின்றபாடில்லை. அடக்குகிற இடத்தில் ஈறு வெந்து இறங்கி, வேர் வெளியே தெரியும். அது சின்னக் கஷ்டம். பாக்கு கன்னத்தின் உள்தோலை விறைக்க வைத்துவிடும். உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது, காரம் பட்டாலே எரிகிறது என்றால் அன்றைக்கே வாருங்கள். வாயில் எந்தப் புண்ணும், வெள்ளைத் திட்டும், சிவப்புத் திட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் விடக் கூடாது. புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம். விட்டவர்களுக்கு ஈறு சிகிச்சை எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

சர்க்கரை, கர்ப்பம், மாத்திரைகள்

சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்க்கும். சர்க்கரை கூடினால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் சர்க்கரை கட்டுப்படாது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி வரை இறங்குகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிய வந்திருக்கிறது. மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று தவிப்பவர்கள் ஒருமுறை வாயைத் திறந்து காட்டுங்கள். அதேபோல, ஈறு அடிக்கடி சீழ் கட்டும் சிலருக்குச் சர்க்கரை இருப்பதே எங்கள் நாற்காலியில்தான் தெரியவருகிறது.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். "பிள்ளை பெத்தா பல்லு போகும், கொழந்த சுண்ணாம்பை இழுத்துக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பல்லிலிருந்து குழந்தை கால்சியத்தை எடுப்பதில்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குச் செக்கப்புக்குப் போகும் பெண்கள் வழியில் பல்லையும் காட்டிவிடலாம். கர்ப்பத்தில் பல் கிளீனிங் செய்யலாம், நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை உட்கார வசதியான காலம். சீழ், வலி என்றால் எந்த மாதமானாலும் தள்ளிப்போடக் கூடாது. வாந்தி எடுத்ததும் உடனே துலக்காமல் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி கழித்துத் துலக்குங்கள்.

வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், நிஃபெடிபின், சிறுநீரக மாற்று செய்தவர்கள் போடும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லை மூடும் அளவுக்கு வளர்க்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பார்.

எங்கே போவது, என்ன செய்வார்கள்

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈறுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. இரண்டு இடத்திலும் காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். கூட்டம் இருக்கும், அரை நாள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு போனால் சலிப்பு வராது. பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும் சரி. போகும்போது போடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கடைசி சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், கிளீனிங்குக்குப் பட்டினி தேவையில்லை. சர்க்கரைக்காரர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு வர வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள், இதய வால்வு ஆபரேஷன் செய்தவர்கள், அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வர வேண்டாம்.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை ஈறோரத்தில் இறக்கி எண்களைச் சொல்வார். "மூணு, ரெண்டு, மூணு" என்று கேட்டால் நிம்மதி, மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. "அஞ்சு, நாலு, ஆறு" என்று கேட்டால் அங்கே பாக்கெட் இருக்கிறது. அந்த எண்களை நீங்களும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இடத்தில் பாக்கெட், எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, எத்தனை சிட்டிங் ஆகும் என்ற மூன்றையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

முதல் கட்டம் என்றால் ஸ்கேலிங் போதும். அதிரும் கருவியால் காரையைப் பெயர்த்து எடுப்பார்கள். தண்ணீர் பீய்ச்சும், கூச்சம் இருக்கும், கொஞ்சம் ரத்தம் வரும். "கிளீன் பண்ணா பல்லு ஆடிடும், சந்து விழுந்துடும்" என்ற பயத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தப் பயத்தாலேயே பலர் பல்லை இழக்கிறார்கள். காரை பல்லோடு பல்லை ஒட்டிவைத்த சிமெண்ட் மாதிரி நின்றிருக்கும். ஈறும் வீங்கி இடைவெளியை நிரப்பியிருக்கும். காரையை எடுத்து வீக்கம் வடிந்ததும் ஏற்கெனவே நோய் உண்டாக்கிய சந்து கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்கெனவே ஆடிய பல் ஆடுவதும் தெரிகிறது. ஸ்கேலிங் செய்ததால் வந்தது இல்லை அது. பல்லின் மேல்தோடும் அதனால் தேய்வதில்லை. சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும், கூச்சத்துக்கான பேஸ்ட் போட்டால் அடங்கிவிடும்.

பாக்கெட் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு உள்ளே வேரின்மேல் ஒட்டியிருக்கும் காரையையும் சுரண்டி எடுப்பார்கள். டீப் கிளீனிங் என்று சொல்வது இதைத்தான். வாயின் ஒவ்வொரு பக்கமாக இரண்டு, மூன்று சிட்டிங் ஆகும். ஆறிலிருந்து எட்டு வாரம் ஈறுக்கு ஆற நேரம் கொடுத்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்குத்தான் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையல் போடும் சிறிய அறுவை சிகிச்சை. எடுத்ததுமே ஆபரேஷன் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மாத்திரையால் மட்டும் ஈறு நோய் போகாது. தண்ணீர்த் தொட்டியின் வழவழப்பு மருந்து போட்டால் போகுமா? தேய்க்கத்தானே வேண்டும். மெடிக்கல்லில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் கொஞ்ச நாள் அமுக்கும், காரை அங்கேயே இருக்கும், வீக்கம் திரும்ப வரும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியும் அப்படித்தான், டாக்டர் சொன்னால் ஒன்று, இரண்டு வாரம் மட்டும். மாசக்கணக்கில் விட்டால் பல்லில் பழுப்புக்கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் துலக்கி அரை மணி கழித்துக் கொப்பளித்தால்தான் அது சரியாக வேலை செய்யும்.

முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்குக் கீழே கழுத்து கெட்டியாகிறது என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது. எந்த நேரமானாலும் ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சை அடைக்கக்கூடியது அது.

சிகிச்சைக்குப் பிறகு

அந்தக் காசிமேட்டு அண்ணனுக்குத் தடைக்காலம் கைகொடுத்தது. முதல் நாள் சீழை வடித்துவிட்டு ஸ்கேலிங் செய்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டு சிட்டிங்காக டீப் கிளீனிங். எலும்பு கரைந்த அந்தக் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. ஜூன் முதல் வாரம் மறுபடி அளந்தபோது, ஆறு இருந்த இடங்களில் பெரும்பாலும் நாலு, நாலு இருந்த இடங்களில் மூணு. பக்கத்துப் பல்லின் ஆட்டம் குறைந்திருந்தது. "ரத்தம் நின்னே பத்து நாளாச்சு மேடம், வூட்டுக்காரியையும் இட்டாந்திருக்கேன், பாருங்க" என்று வெளியே கைகாட்டினார்.

ஒருமுறை இரண்டாம் கட்டத்துக்குப் போனவர்களுக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அதனால் சிகிச்சை முடிந்தபின் முதல் ஒரு வருஷமாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நன்றாக இருந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். வெறும் ஈறு வீக்கத்தோடு வந்தவர்களுக்கு ஆறு மாதம், சிலருக்கு வருஷம் ஒருமுறையே போதும். உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இழை விரிந்துவிட்டால் அதற்கும் முன்னாலேயே மாற்றுங்கள்.

படகு ஏறினால் நாள்கணக்கில் கரை திரும்ப மாட்டார்கள். நல்ல தண்ணீரையும் அளந்துதான் செலவழிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரே துலக்கப் போதும் என்று செய்து காட்டினேன். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், வாயை அலசி அலசிக் கொப்பளிக்க வேண்டியதில்லை, அது பல்லுக்கும் நல்லதுதான். அவருடைய சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: பிரஷ் இரண்டு, இடுக்கு பிரஷ் ஒரு பாக்கெட், ஹான்ஸ் படகில் ஏறக் கூடாது, செப்டம்பர் முதல் வாரம் எந்த நாள் கரைக்கு வந்தாலும் நேராக இங்கே.